இருபத்தேழு வயதுக் குரல்

ஆதிரைக்கு விசா கிடைத்துவிட்டது. வீட்டில் ஒருவருக்கு விசா கிடைத்தால் மற்றவர் என்ன செய்வார்? கேசரி கிண்டுவார், சொந்தக்காரர்களுக்கு போன் போடுவார், பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டுவார். ஆதிரையின் கணவன் திருநாவுக்கரசுக்கு வயிறு எரிந்தது.

விசா சான்றிதழ் சாப்பாட்டு மேசையில், காற்றுக்குப் பறக்காமல் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் இருந்தது. அதை அவன் நான்காவது முறையாக எடுத்துப் படித்தான். விண்ணப்பதாரர்: ஆதிரை. செல்லும் இடம்: வடகடல் ஒன்றியம். தங்கும் காலம்: ஆறு மாதம். பற்று எண்: 88. இதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. அதற்குக் கீழே, யாரும் படிக்க வேண்டாம் என்று நினைத்தவர்கள் போடுவதுபோல் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. பிணைப்புக் குரல்: ஆண். வயது மதிப்பீடு: 27.

நாவுக்கரசுக்குப் போன மாசியோடு நாற்பத்தொன்று முடிந்திருந்தது.

பற்று எண் என்றால் என்ன என்று தெரியாதவர்கள் கோடம்பாக்கத்தில் அவன் நடத்தும் 'நங்கூரம் விசா பயிற்சி மைய'த்துக்குத்தான் வர வேண்டும். மறுநாள் காலை வகுப்பில் அப்படித்தான் ஒருவர் எழுந்து நின்றார். அரக்கோணத்துக்காரர், பெயர் லோகித், தடித்த ஃபைல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"சார், பேங்க் ஸ்டேட்மென்ட், வீட்டுப் பத்திரம், ஆபீஸ் லெட்டர் எல்லாம் கொண்டாந்திருக்கேன்."

"பத்திரமா வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க," என்றான் நாவுக்கரசு. வகுப்பு சிரித்தது. "அதெல்லாம் அந்தக் காலம் சார். நம்மாளுங்க இல்லாத வீட்டுக்குப் பத்திரம், இல்லாத கம்பெனிக்கு லெட்டர்னு அடிச்சு அடிச்சுக் குடுத்தாங்க. போனவங்கள்ல பாதிப் பேர் திரும்பல. ஒன்றியத்துக்காரங்களும் எத்தன நாளைக்குத்தான் பொறுப்பாங்க? பேப்பரே வேணாம்னுட்டாங்க. இப்ப தொப்பிதான்."

"தொப்பிய மாட்டிட்டு என்ன சார் கேப்பாங்க?"

"ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இந்த ஊர்ல நீங்க யாருக்காகத் திரும்பி வருவீங்களோ, அவங்க பேசின குரல ரெண்டு நிமிஷம் போடுவாங்க. நீங்க உக்காந்து கேட்டா போதும். உள்ள என்ன நடக்குதுன்னு தொப்பி பாத்துக்கும். நூத்துக்கு அறுபது வந்தா விசா. அம்பத்தொம்பதுன்னா முப்பது நாள் கழிச்சு மறுபடி வரணும்."

"பொண்டாட்டி குரல்தான் குடுக்கணுமா?"

"பதினெட்டு தாண்டின யார் குரல் வேணா குடுக்கலாம். ஆனா ஒரு வருஷத்துக்குள்ள பதிவு பண்ணதா இருக்கணும். பழசு செல்லாது. எல்லாரும் எழுதிக்குங்க, இதுலதான் நெறைய பேர் மாட்டறாங்க."

எழுதிக்கொண்டார்கள். இந்த ஏற்பாடு வந்த முதல் வருடம், குரல் கொடுத்தவரின் பெயரையும் சான்றிதழில் அச்சடித்தார்கள். கணவனுக்காக எழுபத்திரண்டு வாங்கியவள் தங்கைக்காகத் தொண்ணூறு வாங்கியது தெரிந்தது. மனைவி கூடவே நிற்க, ஒருவர் தன் பழைய மேனேஜரின் பெயரைப் பெருமையாக வாசித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். குடும்ப நீதிமன்றத்தில் கூட்டம் தாங்கவில்லை. அப்புறம் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆணா பெண்ணா, வயது என்ன என்று இயந்திரம் தானாகப் போடும் வரியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அந்த வரி இப்போது நாவுக்கரசின் சட்டைப் பையில், படம் பிடித்த போனில், உட்கார்ந்திருந்தது.

அவன் வகுப்பில் பேசுவதைக் கேட்டால் அவனுக்குத் திக்குவாய் இருந்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள். தாத்தாவின் பெயரை வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்வதற்குள் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிடும். மையம் ஆரம்பிப்பதற்கு முன்னால் இரண்டு வருடம் கண்ணாடி முன் நின்று, மூச்சை அளந்து, சொல்லை அளந்து, அதை அடியோடு ஒழித்தான். ஒழித்தபிறகு அவன் குரல் கேட்டவர்கள் கண் கலங்கும் குரலாகிவிட்டது. மாணவர்களின் மனைவி, அம்மா, அண்ணன் எல்லோருக்கும் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் தழைய வேண்டும் என்று அவன்தான் சொல்லிக்கொடுத்துப் பதிவு செய்வான். நூற்றுக்குத் தொண்ணூற்றுநாலு பேருக்கு விசா என்று வாசல் பலகையில் போட்டிருந்தான்.

அப்படிப்பட்டவன் தன் மனைவிக்காகத் தானே பேசிக் கொடுத்தான். ஆதிரை சேத்துப்பட்டில் காது கேளாத குழந்தைகளுக்கான ஒரு மையத்தில் வேலை பார்க்கிறாள். பிறவியிலேயே கேளாத குழந்தைக்கும் ஒலியைப் பழக்கும் புது முறை ஒன்றை வடகடல் ஒன்றியத்து ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்திருக்கிறார்கள். கற்றுக்கொள்ள அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பன்னிரண்டு குழந்தைகளின் பெற்றோர் அவள் எப்போது போய் எப்போது வருவாள் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அப்பா அம்மா இல்லை, இவர்களுக்குக் குழந்தையும் இல்லை. குரல் கொடுக்க அவனை விட்டால் யார்? நாவுக்கரசு தன் கலையெல்லாம் காட்டி இரண்டு நிமிடம் பேசினான். பதிவு செய்து முடித்ததும் அவனே அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டான். ஆதிரைக்கு வந்த எண் 34.

"அன்னிக்கு உனக்குச் சளி," என்றான் அவன். அவளும், "ஆமா, சளிதான்," என்றாள். இருவருக்கும் அதோடு பேச்சு நின்றது. அவன் புதிதாக ஒன்று பதிவு செய்து தருவதாகச் சொன்னபோது, "வேணாம் அரசு, இந்தத் தடவ நானே பாத்துக்கறேன்," என்றாள். பார்த்துக்கொண்டாள். எண்பத்தெட்டு.

வகுப்பு நடந்த அன்று மாலை அவள் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, குளியலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டான்.

"யாரோட குரல் குடுத்த?"

தண்ணீர் நின்றது. "பாஸாயிடுச்சுல்ல. அத எதுக்குக் கேக்கற?"

"நான் இந்தத் தொழில்ல இருக்கேன். தெரிஞ்சுக்கலாம்னுதான்."

அவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டே வெளியே வந்தாள். "சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்கும் அரசு. விடு."

அவன் சிரித்து, "சரி சரி," என்று சொல்லி, காய்கறி நறுக்க உட்கார்ந்தான். கஷ்டமா இருக்கும். கத்தி பீன்ஸை நறுக்கியது. இந்த வார்த்தை அவனை நறுக்கியது. கஷ்டமாக இருக்கும்படி அவள் வாழ்க்கையில் ஓர் இருபத்தேழு வயதுக்காரன் இருக்கிறான். அவனுக்காகக் கடல் தாண்டித் திரும்பி வருவாள். தனக்காக முப்பத்துநாலு தூரம்தான் வருவாள். அது எத்தனை தூரம்? பாதிக் கடல்கூட இல்லை.

சென்னையில் இத்தனை இருபத்தேழு வயதுக்காரர்கள் இருக்கிறார்கள் என்று அவனுக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. தண்ணீர் கேன் போடுபவனுக்கு இருபத்தேழு இருக்கும். எதிர் ஃபிளாட்டில் கிடார் வாசிப்பவனுக்கு நிச்சயம் இருபத்தேழு. அவர்கள் வாய் திறந்தால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். லிப்டில் ஒருவன், "எந்த ஃபுளோர் சார்?" என்று மரியாதையாகக் கேட்டதற்குக்கூட முறைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆதிரை பால்கனியில் உட்கார்ந்து, காதில் இயர்போனோடு எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே வாயைப் பொத்திச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் பார்த்துப் பல வருடமாயிற்று. அது இன்னும் அவளிடம் இருக்கிறது என்பதே அவனுக்குப் புதுச் செய்தி. சிரித்தவள் அப்புறம் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அவன் டீயோடு வந்து நிற்பதைக் கண்டதும் போனைத் திருப்பி மடியில் கவிழ்த்தாள்.

"யாரு?"

"யாருமில்ல. டீல சக்கர போட்டியா?"

போட்டிருந்தான். அவளுக்குத்தான் போட மறந்திருந்தான்.

மறுநாள் அவள் பையிலிருந்த டிபன் பாக்ஸை எடுத்து ஒளித்துவைத்து, 'மறந்துவிட்டுப் போய்விட்டாள்' என்று அதைத் தூக்கிக்கொண்டு மதியம் சேத்துப்பட்டு போனான். நாற்பத்தொரு வயதில் ஒருவன் செய்கிற வேலையா இது என்று அவனுக்கே தோன்றியது. தோன்றினால் மட்டும் நின்றுவிடுமா? ஆதிரை ஒரு குழந்தையோடு உள்ளறையில் இருந்தாள். வரவேற்பறையில் சுருட்டை முடியும் கண்ணாடியுமாக ஓர் இளைஞன் எழுந்து வந்து டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டான்.

"சார், நீங்க அரசு சார்தானே? நான் நிதிலன். இங்க காதுக் கருவிக்கெல்லாம் சாஃப்ட்வேர் பாக்கறேன். அக்கா உங்களப் பத்தி நெறைய சொல்வாங்க."

அக்காவாம். நாவுக்கரசு அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"தம்பிக்கு என்ன வயசு?"

"இருபத்தேழு சார். ஏன் சார்?"

"சும்மா. கல்யாணம்?"

"பாத்துட்டிருக்காங்க சார்." நிதிலன் வெட்கப்பட்டுச் சிரித்தான். பிறகு குரலைத் தழைத்து, "எண்பத்தெட்டு வந்துச்சுன்னு அக்கா சொன்னாங்க. எனக்கு அவ்ளோ சந்தோஷம் சார். அதுல என் பங்கும் கொஞ்சம் இருக்கு," என்றான்.

அப்புறம் நிதிலன் என்னென்னமோ சொன்னான். நாவுக்கரசுக்கு எதுவும் காதில் விழவில்லை. யார் குரல் என்று வீட்டுச் சுவருக்குக்கூடச் சொல்லாதவள் இவனிடம் எண்ணைச் சொல்லியிருக்கிறாள். பங்காம். வெயிலில் இறங்கி வேகமாக நடந்தான்.

வகுப்பறைக்கு வந்தான். மதிய வகுப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தான்.

வடகடல் ஒன்றியத்துக்காரர்களுக்கு ஆட்சேபம் சொல்ல ஆன்லைனில் அழகான படிவம் உண்டு. ஆனால் பெயர் போட வேண்டும். பெயர் போட்டு ஆட்சேபம் சொல்கிற வழக்கம் நம் ஊரில் என்றைக்கு இருந்தது? முதல் மாதத்திலேயே சென்னை விசா மையத்தின் வாசல் இடுக்கில் கையெழுத்தில்லாத கடிதங்கள் குவிய, பாவம், அவர்கள் ஒரு பெட்டியே வைத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தார், பங்காளிகள், ஆபீசில் பதவி உயர்வு கிடைக்காதவர்கள் எல்லோரும் அதில் போட்டார்கள். மாணவர்களிடம் அந்தப் பெட்டியைப் பற்றி நாவுக்கரசு எத்தனையோ தடவை கிண்டலாகப் பேசியிருக்கிறான்.

பேனாவைத் தாளில் வைத்ததும் கை தன்பாட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்டது. அது இல்லாமல் அவன் மளிகைச் சீட்டுகூட எழுதியதில்லை. 'உ' போட்டு, அதன் வாலை ஒரு சுற்று சுற்றி மேலே கொண்டுபோய், கீழே இரண்டு கோடு இழுத்து, நடுவில் ஒரு புள்ளி. அப்புறம்தான் கையெழுத்தை மறைக்க வேண்டும் என்று ஞாபகம் வந்து பேனாவை இடது கைக்கு மாற்றினான். எழுத்து கோணல்மாணலாக வந்தது. விசா பெற்றிருக்கும் ஆதிரை என்பவர் கொடுத்த குரல் தகாத உறவுடையவரின் குரல் என்றும், அந்த நபர் அவரோடு வேலை பார்க்கும் நிதிலன் என்றும், அவரும் பின்னாலேயே கிளம்பிப் போய்விட்டால் இருவரும் திரும்பி வரப்போவதில்லை என்றும், ஒன்றியத்தின் நலன் கருதியே இதைத் தெரிவிப்பதாகவும் எழுதினான். 'உண்மை விரும்பி' என்று முடித்தான். கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, மதிய வகுப்பில் வழக்கத்தைவிட நன்றாகப் பாடம் நடத்தினான்.

எட்டாம் நாள் அறிவிப்பு வந்தது. ஓர் ஆட்சேபம் தொடர்பாக விண்ணப்பதாரரும் அவர் கணவரும் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வர வேண்டும் என்றிருந்தது. ஆதிரை அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு அரசு இப்படிப் பண்ணிருப்பாங்க? நான் யாருக்கு என்ன செஞ்சேன்?"

"யாருக்குத் தெரியும்? ஊர்ல பொறாமை புடிச்சவங்களுக்கா பஞ்சம்," என்றான் அவன். சொல்லும்போது குரல் ஓரிடத்திலும் தடுக்கவில்லை. தேர்ந்த குரல் அல்லவா.

வியாழக்கிழமை அவன் இஸ்திரி போட்ட சட்டை அணிந்துகொண்டான். உண்மை வெளியே வரப்போகிறது, அவள் தலைகுனியப் போகிறாள், தான் பெருந்தன்மையாக மன்னிக்கப் போகிறோம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தான். மன்னிக்கும் வசனம்கூட இரண்டு விதமாகத் தயாராக இருந்தது.

விசா மையத்தில் மெர்லின் என்ற அதிகாரி அவர்களை உட்காரவைத்தார். ஐம்பது வயது இருக்கும், நம்மூர்க்காரர், தினம் பத்துக் குடும்பத்தைப் பார்த்துப் பார்த்துக் களைத்த முகம். மேசையில் கடிதத்தை விரித்துவைத்தார்.

"மேடம், இது ஒரு மொட்டைக் கடிதாசி. எங்களுக்கு டெய்லி வருது. ஆனா வந்தா விசாரிக்கணும்னு ரூல். இதுல பேர் போட்டிருந்த தம்பியக் கூப்பிட்டு அவர் குரல எடுத்தோம். நீங்க குடுத்ததோட சேரல. அவர் மேல ஒண்ணும் இல்ல. பாவம், அழுதுட்டாரு. அக்காவோட பழைய போன்லருந்து ஒரு ஃபைல எடுத்துக் குடுத்தேன், அவ்ளோதான் மேடம்னாரு."

ஆதிரை கடிதத்தின் எழுத்துகளைப் படிக்கவில்லை. அவள் பார்வை தாளின் தலையிலேயே நின்றுவிட்டது. வாலை ஒரு சுற்று சுற்றிய சுழி. இரண்டு கோடு. நடுவில் புள்ளி. பதின்மூன்று வருடமாக ஃபிரிட்ஜ் கதவில், கேஸ் சிலிண்டர் அட்டையில், அவள் பிறந்தநாள் வாழ்த்தில் பார்த்த சுழி. மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். நாவுக்கரசு அப்போதுதான் தாளைப் பார்த்தான். அவன் காது மடல்கள் சுட்டன.

கடிதத்தை மடித்து மெர்லினிடமே நகர்த்தினாள்.

"அப்போ அது யாரோட குரல்னு தேடினோம்," என்றார் மெர்லின். "கடைசில பாத்தா எங்ககிட்டயே இருக்கு. மொத தடவ நீங்க குடுத்தீங்களே, முப்பத்துநாலு வந்துச்சே, அதே ஆளு. ஆனா வயச வச்சுப் பாத்தா இது பதினாலு வருஷப் பழசு. நீங்களே கேளுங்க சார்."

பட்டனை அழுத்தினார். முதலில் லாரிகள் விரைகிற சத்தம். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவன் சிரித்தான்.

"ஆ... ஆதிரை, பஸ் ப... ப... படுத்துருச்சு. மே... மேல்மருவத்தூர் தாண்டி நடுரோட்டுல நிக்கிறோம். டிரைவர் எறங்கி டயர எ... எட்டி ஒதைக்கறாரு, அது அவர தி... திருப்பி ஒதைக்கல, அவ்ளோதான். இங்க ஒரு அம்மா வெ... வெள்ளரிக்கா விக்கறாங்க. உனக்கும் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், ஆனா ப... பாதி தின்னுட்டேன். கோ... கோச்சுக்காத. நீ கோயம்பேட்டுல நிக்காத, ரூ... ரூமுக்குப் போ. நான் வ... வந்துடுவேன். பஸ் வரலன்னா ந... நடந்தாவது வந்துடுவேன்."

அவன் மேலும் பேசிக்கொண்டே போனான். வெள்ளரிக்காய்க்கு மிளகாய்ப்பொடி அதிகம் என்றான். மேகம் ஒன்று அவள் மேனேஜர் மாதிரி தொப்பையோடு போகிறது என்றான். ஒவ்வொரு சொல்லிலும் முட்டி மோதி, விழுந்து எழுந்து, வெட்கமே இல்லாமல் அடுத்த சொல்லுக்குப் போனான். நாவுக்கரசு தான் ஒழித்துக்கட்டிய அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தயார் செய்து கொண்டுவந்த மன்னிப்பு வசனம் இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, சொன்னால் சிரிப்பீர்கள், அந்தக் குரல்காரன் மேல் கோபமும் வந்தது.

"பழைய பதிவு செல்லாதுங்க மேடம்," என்றார் மெர்லின். "இந்த சர்டிபிகேட் கேன்சல். ஆனா கணவர் நேர்லயே வந்திருக்கறதால இப்பவே ஒரு தடவ நேரடியாப் பாக்கலாம். அறுபது வந்தா விசா நிக்கும். வரலன்னா, பழச குடுத்ததுக்காக மூணு வருஷம் அப்ளை பண்ண முடியாது. யோசிச்சு சொல்லுங்க."

"பாக்கலாம்," என்றாள் ஆதிரை.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளை உட்காரவைத்துத் தொப்பியை மாட்டினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இந்தப் பக்கம் நாவுக்கரசுக்கு ஒரு மைக். எண் காட்டும் திரை மெர்லினைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தது. ஆனால் அதன் பச்சை வெளிச்சம் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது.

"ரெண்டு நிமிஷம் சார். என்ன வேணா பேசுங்க."

அவன் மூச்சை அளந்தான். "ஆதிரை," என்று ஆரம்பித்தான், எங்கே தழைய வேண்டுமோ அங்கே தழைந்து. இருபத்தாறு. "நம்ம வீட்டு வாசல்ல உன் செருப்பு கெடக்கும்ல," என்றான். இது நூற்றுக்கணக்கான பேருக்கு அவன் எழுதிக்கொடுத்த வரி. இருபத்திரண்டு. செருப்பிலிருந்து பால்கனிக்குப் போனான், பால்கனியிலிருந்து அவள் கை ரசத்துக்குப் போனான். பத்தொன்பது. ஒரு நிமிடம் முடிந்தது. சேத்துப்பட்டுக் குழந்தைகள் ஞாபகம் வந்தார்கள். அவன் உடம்பு வியர்த்தது. அப்போது அவனுக்கு அந்த யோசனை வந்தது. தொழில் தெரிந்தவனுக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும்.

"ஆ... ஆ... ஆதிரை," என்றான். "நான் வ... வ..."

கண்ணாடியில் பச்சை எண் குதித்தது. நாற்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. அவள் மூடிய இமைக்குள் ஏதோ அசைந்தது. ஐம்பத்தேழு. அவன் இன்னும் கொஞ்சம் தடுக்கினான். இன்னும் மூன்றுதான் வேண்டும். "ந... ந... நடந்தாவது..."

ஆதிரை கண்ணைத் திறந்தாள். அவள் கண்ணுக்கு நேரே கணவனின் முகம் இருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. வாய் திக்கிக்கொண்டிருக்க, கண் மட்டும் கண்ணாடியில் ஏறும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எண் விழுந்தது. ஒன்பதில் போய் நின்றது.

மெர்லின் காகிதத்தை அச்செடுத்துக் கொடுக்கும்போது, "எனக்கே கஷ்டமா இருக்கு மேடம்," என்றார். உண்மையாகத்தான் சொன்னார். காகிதத்தில் ஒன்றியத்தின் முத்திரை இருந்தது. அதன் கீழே ஒரே வரி: இந்நபர் திரும்பி வருவார் என்று நம்ப இடமில்லை.

ஆட்டோ ஓட்டுநர், "எங்கம்மா போகணும்?" என்றார். ஆதிரை கோடம்பாக்கத்து வீட்டு விலாசத்தைச் சொன்னாள். அடுத்த சிக்னலில் ஆட்டோ நின்றது.

"சுழி போடாம எழுதிருக்கலாம்," என்றாள் அவள், வெளியே பார்த்துக்கொண்டு.

"ஆதிரை, நான் வேற யாரோன்னு..."

"தெரியும். கேட்டிருந்தா சொல்லிருப்பேன். இல்ல, கேட்ட. நான்தான் சொல்லல. சொன்னா ரூல் பேசுவ. அத விட, நீ இப்பப் பேசறது எனக்கு ஒண்ணும் பண்ணலன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

அவன் தொண்டையைச் செருமினான். கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டான். "போயிருந்தா திரும்பி வந்திருப்பியா?"

"வந்திருப்பேன்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆறு மாசம் தள்ளி இருந்தா, ராத்திரி பகல் மாறி மாறி போன் போடுவோம், லைன் கெடைக்காது, நீ அவசரத்துல பேசுவ, அப்பவாவது அந்தப் பழையவன் எங்கயாவது எட்டிப் பாப்பான்னு நெனச்சேன். அதுக்காகவும்தான் போகணும்னு இருந்தேன்."

நாவுக்கரசு ஏதோ சொல்ல வாயெடுத்தான். என்ன சொன்னாலும் அது எந்தக் குரலில் வரும் என்று அவனுக்கே தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டான்.

காகிதம் இருவருக்கும் நடுவில் சீட்டில் கிடந்தது. இவனிடம் இவள் திரும்பி வர மாட்டாள் என்று ஒன்றியத்தின் ஆறு நாடுகளும் முத்திரை குத்திச் சொல்லியிருந்தன. சொல்லிவிட்டு, அவளை இவனோடேயே வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தன. அவன் ஆசைப்பட்டது அச்சு அசலாக நடந்துவிட்டது. அவள் எங்கும் போகவில்லை.

கோடம்பாக்கம் மேம்பாலத்தில் ஆட்டோ ஊர்ந்தது. ஆதிரை பையைத் திறந்து இயர்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். போனில் எதையோ தேடித் தட்டினாள். கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது, வெள்ளரிக்காய் வந்திருக்கும். அடுத்தது மேகம் வரும் என்று நாவுக்கரசுக்குத் தெரியும். தோளோடு தோள் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, மேல்மருவத்தூர் தாண்டி நடுரோட்டில் நிற்கும் அந்த இருபத்தேழு வயதுக்காரனை நினைத்து அவனுக்கு வயிறு எரிந்தது.